ஹந்தானைப் பைன் மரமும் தப்போவைக் கல்லிலையும்



கண்டி நகரிலிருந்து ஹந்தானை மலைமீது ஏறிச் செல்வோர், தேயிலைச் சரிவுகளைக் கடந்ததும் பைன் மரச் சோலைகளைக் காண்பர். ஊசி போன்ற இலைகள் உதிர்ந்து நிலத்தை மெத்தையாக மூடியிருக்கும். காற்று வீசும்போது அம்மரங்கள் எழுப்பும் ஓசை கடலோசையை ஒத்திருக்கும். ஆயினும் அவை இந்நாட்டு மரங்களல்ல. கரிபியன் கடற்பிரதேசத்தைத் தாயகமாகக் கொண்ட அவ்வினத்தைக் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியிலே வன இலாகாவினர் இங்கு நட்டு வளர்த்தனர். பேராதனைப் பூங்காவிலே இருமருங்கும் அணிவகுத்து நிற்கும் குக் பைன் மரங்களோ பசிபிக் சமுத்திரத்திலுள்ள நியூ கலிடோனியாவிலிருந்து வந்த இனம். இலங்கைக் காடுகளிலே தாமாக முளைத்து வளரும் மரங்களுள், கூம்பு காய்க்கும் இனத்தைச் சேர்ந்தது ஒன்றேனும் இல்லை. தென்னிந்திய மலைகளில் ஓரினம் உண்டு. நமக்கு அதுவும் இல்லை.

ஆனால் இத்தீவிலே கூம்பு மரங்கள் ஒருகாலத்தில் இருந்தன. அதற்குச் சாட்சி புத்தளத்துக்குக் கிழக்கே, அனுராதபுரம் செல்லும் தெருவையடுத்த தப்போவைக் குளத்தின் அயலிலே கிடக்கின்றது. அங்குள்ள மென்மையான சேற்றுக்கல்லையும் மணற்கல்லையும் படை படையாகப் பிளந்தால், உள்ளே பன்னங்களின் இலைகளும், இறகு போன்ற வேறு சில இலைகளும், செதில் போர்த்த கூம்பு மரக் கிளைகளும் பதிந்திருக்கக் காணலாம். அவற்றின் வயது ஏறக்குறைய 15 கோடி ஆண்டு என்பர். பூக்குஞ் செடியின் சுவடு அவற்றுள் இல்லை.

கல்லில் உறைந்த இலையை உயிர்ச்சுவடு என்று கூறுகின்றோம். அதனைப் பார்த்த அளவில் அது இன்ன செடியினது என்று சொல்லுதல் எளிதன்று. அவ்வாறு சொல்லக்கூடிய அறிஞர்கள் ஓராண்டு முழுவதும் என்ன செய்கின்றனர், அவர்களுடைய தொழிலில் கண்டிக்கும் பேராதனைக்கும் உள்ள பங்கு யாது என்பவற்றையே இன்று சொல்ல விரும்புகின்றேன். கல்லைக் கையில் எடுத்துக் காட்ட வானொலியால் இயலாது. ஆகவே நேயர்கள் தம் மனக்கண்ணால் சிறிது உதவி புரிதல் வேண்டும்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துவிடுவோம். கண்டியைச் சூழ மலையும் பாறையும் நிறைந்திருக்க, ஏன் புத்தளம் வரை செல்லல் வேண்டும்? ஹந்தானைப் பாறையும் நக்கிள்ஸ் மலைப் பாறையும் பூமியின் ஆழத்திலே வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் வெந்து உருமாறியவை. அவை வெந்து அடங்கிய காலம் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. தரையிலே செடி முதன்முதல் தலைகாட்டியதோ சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முன்பேயாகும். எனவே நம் மலைப் பாறை உருவான நாளில், அதன்மீது உதிர்வதற்கு உலகில் ஓர் இலைகூட இருக்கவில்லை. திகனைப் பக்கத்தில் சுண்ணாம்புக்காக உடைக்கும் வெண்பளிங்குக் கல்லும் இத்தகையதே. அதைப் பிளந்து இலை தேடுவது வீண் முயற்சி.

இலங்கையின் நிலப்பரப்பிலே பெரும்பகுதி இத்தகைய பழம்பாறையே. தப்போவையில் மட்டும், பழம்பாறையின் ஒரு துண்டு பிளவுகளுக்கிடையே கீழிறங்கியமையால், யூரசிக் காலத்து ஆற்றுச் சேறும் மணலும் அப்பள்ளத்தில் தங்கி, அரிப்பிலிருந்து தப்பிப் பிழைத்தன. அதற்குத் தெற்கே ஆண்டிகமம், பல்லமம் என்னும் இடங்களிலும் அவ்வாறே. ஒரு பெரிய நூலில் எல்லா ஏடுகளும் செல்லரித்துப்போக இரண்டு மூன்று ஏடுகள் மட்டும் எஞ்சியிருப்பது போன்றது இது.

அந்த ஏடுகளை முதலில் கண்டவர், அக்காலத்தில் இலங்கைக் கனிப்பொருள் அளவையில் கடமையாற்றிய வேலண்ட் என்னும் ஆங்கிலேயர். அவர் திரட்டிய இலைக் கற்கள் கேம்பிரிட்ஜுக்குச் சென்றன. அங்கே தொல்தாவரவியலில் பேரறிஞராக விளங்கிய சீவர்ட் என்பவரும், அவருக்குத் துணையாயிருந்த ஹோல்ட்டம் என்னும் இளைஞரும் அவற்றை ஆராய்ந்து 1922ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வேலண்ட் அதற்கு முன்பே இலங்கையை விட்டு உகண்டாவுக்குச் சென்று அந்நாட்டின் புவிச்சரித அளவையைத் தொடங்கிவிட்டார். ஹோல்ட்டம் அவ்வாண்டிலேயே சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவிற் பதவியேற்று, பிற்காலத்தில் பன்னங்களைப் பற்றிய ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றார். கண்டெடுத்தவரும் ஆராய்ந்தவரும் கற்களும் ஆளுக்கொரு திசையாகப் போயினர். தப்போவை மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

சீவர்டின் மாணாக்கருள் ஒருவர் பீர்பல் ஸாஹ்னி. 1891ஆம் ஆண்டில் பஞ்சாபில் பிறந்து, கேம்பிரிட்ஜில் கற்று, 1921இல் லக்னோ சர்வகலாசாலையின் தாவரவியற் பேராசிரியரானவர். 1944இல் தப்போவைச் செடிகளைப் பற்றி மீண்டும் ஒரு கட்டுரை எழுதியவர் லக்னோவிலே ஸாஹ்னியிடம் பயின்ற சித்தோலே என்பவரே. தப்போவைக் கல்லின் கதை இவ்வாறு கேம்பிரிட்ஜிலிருந்து லக்னோவுக்குத் திரும்பி வந்தது.

தாவர உயிர்ச்சுவடுகளுக்கென்றே ஒரு நிறுவனம் வேண்டும் என்பது ஸாஹ்னியின் நெடுநாள் ஆசை. தாம் சேர்த்த கற்களையும் நூல்களையும் கொடுத்து, 1946ஆம் ஆண்டில் அதனைத் தொடக்கினார். கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டும் நாள் 1949 ஏப்பிரல் 3 எனக் குறிக்கப்பட்டது. அந்த அடிக்கல்லைத் தாமே அமைத்தார். உலகின் பல பாகங்களிலிருந்தும் பெற்ற உயிர்ச்சுவடுகளைச் சீமெந்தில் பதித்துச் செய்த கல் அது. பண்டித நேரு அதனை நாட்டினார். ஒரு வாரம் கழிவதற்குள், ஏப்பிரல் 10ஆம் நாள், ஸாஹ்னி மாரடைப்பால் காலமானார். நிறுவனத்தைப் பேணி வளர்க்குமாறு மனைவியாரிடம் இறுதியாகக் கேட்டுக்கொண்டார் என்பர். அம்மையார் சாவித்திரி ஸாஹ்னி விஞ்ஞானி அல்லர். எனினும் பொறுப்பை ஏற்றார். 1953 சனவரியில் கட்டிடத்தை நேருவே திறந்துவைத்தார். உலகிலே இத்துறைக்கென அமைந்த நிறுவனங்களுள் முன்னணியில் நிற்பது அது. ஸாஹ்னியின் சமாதியும் அவ்வளவிலேயே உளது. அண்மைக் காலத்தில் அதன் ஆராய்ச்சி எல்லை விரிந்து பெயரும் சற்றே மாறியுள்ளது.

இத்தகைய நிறுவனத்தின் ஆண்டு, நம் வயலாண்டைப் போல மழையைப் பார்த்து நடப்பது. லக்னோவில் நவம்பர் 14ஆம் நாள் ஸாஹ்னியின் பிறந்த நாளை நிறுவுநர் தினமாகக் கொண்டாடுவர். அன்று அவர் பெயராலும் அவருடைய ஆசானாகிய சீவர்டின் பெயராலும் அறிஞர்கள் சொற்பொழிவாற்றுவது வழக்கம். மழை ஓய்ந்து வெயில் தணிந்திருக்கும் அப்பருவத்திலேதான் ஆராய்ச்சிக் குழுக்கள் வெளிக்களத்துக்குப் புறப்படும். நிலக்கரிச் சுரங்கங்களுக்கும், ராஜமகால் குன்றுகளுக்கும், இமயத்தின் அடிவாரத்துக்கும் செல்வர். கையில் சுத்தியல், உளி, பழைய செய்தித்தாள், பென்சில், குறிப்புப் புத்தகம் ஆகியவை இருந்தாற் போதும். கல்லை அடித்துப் பிளப்பது சிறு வேலை. எந்தப் படையில், மேலிருந்து எத்தனை அடியில், எந்தக் கரையில் அக்கல் கிடந்தது என்று எழுதுவதே பெரு வேலை. பிளந்த கல்லின் இரு பாதிகளிலும் ஒரே இலக்கம் இடல் வேண்டும். ஒரு பாதியில் இலை, மறு பாதியில் அதன் அச்சு. பத்துக் கல் பிளந்து ஒன்றில் ஒரு காம்பு கிடைத்தாலே அது நல்ல நாள்.

பங்குனி, சித்திரையில் வெயில் ஏறும்போது பெட்டிகள் நிறுவனத்தை அடையும். அப்போது தொடங்குவது ஆய்வுகூட வேலை. இதைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும். ஏனெனில் இங்கேதான் கல் இலையாக மாறுகின்றது.

சில கற்களில் இலையின் உருவப் பதிவு மட்டுமே எஞ்சியிருக்கும். அவற்றைச் சாய்ந்த ஒளியில் வைத்துப் படம் பிடித்து, நரம்புகளை எண்ணி, அளந்து எழுதுவர். வேறு சில கற்களில் இலையே கரிந்து ஒரு மெல்லிய கருந்தாளாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதனைக் கல்லிலிருந்து விடுவிக்க ஐதரோபுளோரிக் அமிலத்தைப் பயன்படுத்துவர். மணலையும் சேற்றுக்கல்லையும் கரைக்கும் இவ்வமிலம் கண்ணாடியையும் கரைத்துவிடும். ஆதலின் அதனைக் கண்ணாடிக் குப்பியில் வைத்தல் இயலாது. தோலிற் பட்டால் எலும்பு வரை ஊறிச் சென்று உயிருக்கே ஆபத்து விளைக்கக்கூடியது. கையுறை அணிந்து, புகை போக்கும் அறையில், பொறுமையோடு செய்யவேண்டிய வேலை அது. கல் கரைந்து நீங்கிய பின்னர், நைத்திரிக் அமிலமும் பொற்றாசியம் குளோரேற்றும் கலந்த கலவையில் அக்கருந்தாளை ஊறவைத்து, பிறகு காரநீரில் இடுவர். கருமை கரைந்து போக, எஞ்சுவது கண்ணாடித்தாள் போன்ற ஒரு பொன்னிறச் சவ்வு. அது அந்த இலையின் புறத்தோல். இலை உயிரோடிருந்தபோது வெயிலிலும் மழையிலும் அதனைக் காத்த மெழுகுப் போர்வை. செடி மடிந்து, சேறு கல்லாகி, கண்டங்கள் பிரிந்து இடம்பெயர்ந்த பின்னும் அச்சவ்வு கெடாதிருக்கின்றது.

அதை நுணுக்குக்காட்டியில் வைத்தால் அந்த இலை மூச்சுவிட்ட துளைகள் தெரியும். இலைவாய் என்று பாடநூல்களிற் படித்திருப்பீர்கள். அவற்றை எண்ணவும் அளக்கவும் முடியும்.

இந்த வேலையால் என்ன பயன் என்று வினவுவோருக்குத் தப்போவையின் இறகிலையையே காட்டாகக் கூறலாம். அதன் விஞ்ஞானப் பெயர் டைலோபில்லம். இறகு போன்ற இலை என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். பேராதனைப் பூங்காவிலும் நம் தாழ்நிலக் காடுகளிலும் சைக்கசு என்னும் செடி உண்டு. சிங்களத்தில் மடு என்பர். அதன் விதையை நஞ்சு போக்கி மாவாக்கி உண்பாருமுளர். அந்தச் சைக்கசின் ஓலையையும் தப்போவை இறகிலையையும் அருகருகே வைத்தால், இரண்டும் ஒரே குடும்பம் என்றே எவரும் கூறுவர். பழைய அறிஞரும் அவ்வாறே எண்ணினர். ஆனால் 1913ஆம் ஆண்டில் தாமஸ், பாங்குரொவ்ற் என்னும் இருவர் இவ்வகை இலைகளின் புறத்தோலை ஒப்பிட்டு நோக்கினர். சைக்கசின் இலைவாயைச் சுற்றியுள்ள கலங்கள் அயலிலிருந்து வந்து வட்டமாகக் கூடியவை. இறகிலைக் கூட்டத்தின் இலைவாயிலோ இரு பக்கத்துக் கலங்களும் காவற்கலங்களோடு ஒரு தாய்க் கலத்திற் பிறந்த உடன்பிறப்புகள். சுவர்களும் நெளிநெளியாக அமைந்தவை. வெளித்தோற்றத்தில் இரட்டையர்; உள்ளமைப்பில் உறவே இல்லாதவர். சைக்கசு இன்றும் வாழ்கின்றது. இறகிலைக் கூட்டம் முழுவதும் பூமியிலிருந்து மறைந்துவிட்டது.

அக்கூட்டத்தைச் சேர்ந்த ஒரு முழுச் செடியின் தோற்றத்தை உலகுக்குக் காட்டியவர் ஸாஹ்னியே. உயிர்ச்சுவடாக இலை ஓரிடத்தில் கிடைக்கும். தண்டு வேறிடத்தில் கிடைக்கும். பூப் போன்ற உறுப்பு பிறிதோரிடத்தில் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் அறிஞர் தனித்தனிப் பெயர் சூட்டிவிடுவர். ஒரே ஆளுக்குத் தலைக்கு ஒரு பெயரும் காலுக்கு ஒரு பெயரும் வைத்தாற் போன்ற குழப்பம் இது. ராஜமகால் குன்றுகளிலிருந்து பெற்ற துண்டுகளை ஆராய்ந்து, இறகிலையும் இன்ன தண்டும் இன்ன பூவும் ஒரே செடியின் உறுப்புகள் என நிறுவி, 1932இல் அச்செடிக்குத் தம் ஆசானின் பெயரைச் சேர்த்து வில்லியம்சோனியா சீவர்டியானா எனப் பெயரிட்டார். குட்டையான தண்டும் உச்சியில் ஓலைக் கொத்துமாக, பார்வைக்குச் சிறு பனைபோன்ற செடி அது. தப்போவையில் நாம் காணும் ஒற்றை இலைக்கும் அதுபோன்ற உடல் ஒன்று இருந்திருக்க வேண்டும் என நாம் இன்று எண்ணிப் பார்ப்பது அந்த உழைப்பினாலேயே. தமிழ்நாட்டிலே ஸ்ரீபெரும்புதூரிலும் சிவகங்கைப் பக்கத்திலும் உள்ள படிவுகளிலும் இவ்விறகிலை உண்டு. இலங்கையும் இந்தியாவும் ஒரே பெருங்கண்டத்தின் பாகங்களாய் இருந்த நாளில், இரு கரைக்கும் ஒரே காடு இருந்தமைக்கு இதுவும் ஒரு சான்று.

லக்னோவில் ஆடி, ஆவணி மழைக்காலம். நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்திருக்கும் பருவம் அது. கல்மரத் துண்டை மெலிதாக அறுத்து, மில்லிமீற்றரில் நூற்றில் மூன்று பங்கு கனமாகும்வரை தேய்ப்பாரும், அமிலம் தடவிய கல்முகத்திலே அசற்றேற்றுத் தாளை ஒட்டி உரித்து, மரத்தின் உள்ளமைப்பைத் தாளோடு எடுப்பாரும், மகரந்த மணிகளை ஒன்று, இரண்டு என எண்ணி இருநூறு முந்நூறு வரை செல்வாருமாக வேலை நடைபெறும். பின்னர் எழுத்து. நிறுவனத்தின் சஞ்சிகை 1952 முதல் வெளிவருகின்றது. இறுதியிலே ஒவ்வொரு கல்லும் இலக்கம் பெற்று அரும்பொருட்சாலை அடுக்கில் ஏறும். பின்னொருநாள் வேறொருவர் வந்து, நீர் சொன்னது பிழை என்று கூற விரும்பினால், அதே கல்லை எடுத்துப் பார்க்க முடிதல் வேண்டும். அதற்காகவே அந்த அடுக்கு.

இனி, கண்டிக்கு வருவோம். கல்லிலையைப் படிக்கக் கல் மட்டும் போதாது என்பது இதுவரை கூறியதிலிருந்தே விளங்கும். உயிருள்ள சைக்கசின் இலைவாய் எத்தகையது என அறியாதவனுக்கு இறகிலையின் இலைவாய் எதையும் சொல்லாது. அந்த உயிருள்ள செடிகளின் பேரகராதி பேராதனையிலே உளது. மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைந்தோட, 1821ஆம் ஆண்டில் மூன் என்பவர் காலத்திலே தோன்றிய அப்பூங்காவைச் சார்ந்து உலர்செடிக் களஞ்சியம் ஒன்று வளர்ந்தது. துவெயிற்ஸ், திரைமன் முதலிய மேற்பார்வையாளர் காலத்தில் இலங்கைச் செடிகள் காட்டுக்குக் காடு திரட்டப்பட்டு, தாளில் ஒட்டப்பட்டு, பெயரிடப்பட்டன. பூங்காவிற்குச் செல்வோர் ஓர்க்கிட் இல்லத்தையும் வௌவால்கள் தொங்கும் மரங்களையும் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். ஆராய்ச்சியாளனுக்கோ அந்தக் களஞ்சியத்தின் மங்கிய தாள்களே பெருஞ்செல்வம்.

இது வெறும் பழமைப் பற்று அன்று. ஹோட்டன் சமவெளியின் சதுப்பிலே, இறந்த செடிகள் மக்கிப் படிந்து கரிய முற்றா நிலக்கரியாகக் கிடக்கின்றன. அச்சதுப்பைக் குடைந்தெடுத்து, படைபடையாக மகரந்தம் பிரித்து, ரத்னசிறி பிரேமதிலக்க என்னும் இலங்கை ஆய்வாளர் சுவீடன் நாட்டு அறிஞர் ரிஸ்பேர்க்கோடு சேர்ந்து 2003இல் வெளியிட்ட ஆராய்ச்சி, ஏறக்குறைய 24,000 ஆண்டுகளின் காலநிலையைக் கூறுகின்றது. மகரந்தத்தின் வெளிச்சுவர் அமிலத்துக்கும் அசையாதது. ஆதலால் எந்தக் காலத்தில் காடு பெருகிற்று, எந்தக் காலத்தில் புல் பெருகிற்று, அதனால் பருவமழை எப்போது பொழிந்தது, எப்போது பொய்த்தது என அறிய முடிகின்றது. பனியுகத்தின் உச்சத்தில் அச்சமவெளி வறண்டிருந்தது. பின்னர் பருவமழை படிப்படியாக வலுத்தது. இடையில் மீண்டும் மீண்டும் தளர்ச்சிகளும் நிகழ்ந்தன. பார்லி, ஓட்ஸ் முதலிய தானியங்களின் மகரந்தமும் அங்கே மிகப் பழங்காலத்திலேயே உண்டு என்னும் கருத்தை எல்லா அறிஞரும் ஏற்றுக்கொள்ளவில்லை. மகரந்த மணி ஒன்று காட்டுப் புல்லினதா, வயற் பயிரினதா என்ற வழக்கைத் தீர்க்கவும் உயிருள்ள செடியின் மகரந்தமே வேண்டும்.

அச்சமவெளியிலும் அதன் சுற்றுமலைகளிலும் ஊறும் நீர்தான் மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் செல்கின்றது. பேராதனைப் பாலத்தின்கீழ் ஓடும் ஆற்றின் பழைய வரவு செலவுக் கணக்கு அச்சதுப்பிலே எழுதப்பட்டிருக்கின்றது எனின் மிகையாகாது. அணை கட்டுவோரும் வயல் விதைப்போரும் அறியவேண்டிய கணக்கு அது. நம்மிடமுள்ள மழைமானிக் கணக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குச் சற்றே மேற்பட்டது. அதனைக் கொண்டு மட்டும் ஆற்றின் குணத்தை அறிதல் அரிது.

அப்படியிருந்தும், தாவர உயிர்ச்சுவடுகளுக்கென்றே அமைந்த நிறுவனம் இத்தீவில் இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தார் 2013ஆம் ஆண்டில் தப்போவை இலைகளைப் பற்றி மீண்டும் எழுதினர். அது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் 1922, 1944, 2013 என்ற ஆண்டுகளை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். இடைவெளி எவ்வளவு பெரிது! அவ்விடைவெளியில் கல் காத்திருக்கும் என்று எண்ணுதல் தவறு. சேற்றுக்கல் மழையிலும் வெயிலிலும் உதிர்ந்து மண்ணாகும். வாய்க்கால் வெட்டும்போதும் தெருவுக்கு மண் எடுக்கும்போதும் புதிய படைகள் வெளிப்படும். யாரும் பாராவிடில் சில மாரிகளில் அவை அழியும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பாடசாலையின் விஞ்ஞான அறையிலே இலை பதிந்த அழகிய கல் ஒன்றைக் கண்டேன். நரம்பெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஆசிரியர் ஒருவர் கொண்டுவந்து வைத்தார், அவர் மாற்றலாகிப் போய்விட்டார், என்றனர். தாளில் எழுதி ஒட்டியிருந்த குறிப்பைக் கறையான் தின்றுவிட்டது. போதாக்குறைக்கு, பளபளப்பாக இருக்கட்டும் என்று யாரோ வார்னிஷும் பூசியிருந்தார்கள். அது தப்போவைக் கல்லாக இருக்கலாம். இந்தியாவிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். இடம் தெரியாத அக்கல்லை அலங்காரத்துக்கு வைக்கலாமேயன்றி, ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே புத்தளப் பகுதி நேயர்கட்கும், அவ்வழியே பிரயாணம் செய்யும் மாணவர்கட்கும் ஒரு வேண்டுகோள். வெட்டிய வாய்க்காலின் கரையிலோ, குவித்த மண்மேட்டிலோ இலை பதிந்த கல் கண்ணிற் பட்டால், அதனைத் தண்ணீரிற் கழுவாதீர்கள், தூரிகையால் தேய்க்காதீர்கள், எண்ணெயோ வார்னிஷோ பூசாதீர்கள். கிடந்த இடத்தை அப்படியே படம் பிடித்துக்கொள்ளுங்கள். கரையில் இன்னும் பதிந்திருக்கும் கல்லைத் தோண்டாமல் விட்டு, சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லுங்கள். உதிர்ந்து கிடப்பதாயின், பிளந்த இரு பாதிகளையும் தனித்தனியே செய்தித்தாளிற் சுற்றுங்கள். நாள், ஊர், குளத்திலிருந்து எத்திசையில் எவ்வளவு தூரம், மேலிருந்து எத்தனை அடி ஆழம் என்பவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். மை நனைந்தால் ஊறிவிடும். அந்தத் துண்டுத் தாளைக் கல்லோடு சேர்த்தே கட்டி, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியற் பகுதிக்கோ கொழும்பிலுள்ள தேசிய நூதனசாலைக்கோ சேர்ப்பியுங்கள்.